தொண்ணூறில் வரும் நடுக்கம்

எண்பத்தெட்டு வரை தங்கமான வண்டி என்றார்
வின்ஸ் ட்ரெகோனிங், சாவியைத் தரும்போது.
தொண்ணூறைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை,
விலையில் குறைத்திருந்தார்.

நார்ஸ்மனுக்கு வெளியே, உப்பு ஏரி தாண்டி
ஒரு சின்னப் பள்ளம்.
முன் அச்சுக்குப் பேய் பிடித்தது.
ஸ்டியரிங் என் கட்டைவிரலை அடித்தது.
நாற்பதுக்கு இறங்கியதும் அடங்கிற்று
ஒன்றுமே நடக்காத முகத்துடன்.

முன்பெட்டிக்குள் ரசீதுகள். பதினான்கு.
இரண்டு அங்குலம் உயர்த்தும் சுருள்வில்கள், மார்ச்.
வீல் பேலன்சிங், ஏப்ரல்.
வீல் பேலன்சிங், அதே ஏப்ரல்.
பேரிங். பந்து மூட்டு. இன்னொரு பேரிங்.
ஸ்டியரிங் டேம்பர், பிறகு அதைவிடப் பருத்த டேம்பர்:
குளிர்ஜுரத்துக்குப் போர்வைமேல் போர்வை.
கடைசி ரசீதின் பின்னால் பென்சிலில்
'போதும்' என்று எழுதி
அதை அடித்து
'இன்னும் ஒன்று' என்று எழுதியிருந்தது.

சனிக்கிழமை. நிழலிலேயே நாற்பத்தொன்று.
பக்கத்து வீட்டு நெரிடா ஓட்டுநர் இருக்கையில்,
கழுத்தில் உறைந்த பட்டாணிப் பொட்டலம்.
நான் அடியில், அட்டைமேல் மல்லாந்து.
'இடம்,' என்றேன். 'வலம். இடம்.'
அவள் கால் சுற்றுத் திருப்பத் திருப்ப
ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்தேன்.
நாடி பார்ப்பதுபோல என்று எழுத ஆசை.
நாடி பொய் சொல்லாது என்கிறார்கள்;
இவை ஒவ்வொன்றும் தான் யோக்கியன் என்றது.

வண்டியை உயர்த்தினால் உயர்வது உடல்தான்.
அச்சு கீழேயே நிற்கும், குறுக்குத் தண்டு
அதை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்,
பதினொரு மில்லிமீட்டர், அளந்தேன்.
முன்சக்கரத்தின் பின்சாய்வு குறையும்;
குறைந்தால் நேராகத் திரும்பிவரும் ஞாபகம்
சக்கரத்துக்குப் போய்விடும்.
இதெல்லாம் வின்ஸுக்கும் தெரிந்திருக்கிறது.
சாய்வை மீட்கும் புஷ்களை ஒழுங்காகவே போட்டிருந்தார்.
அதுதான் எனக்குக் கோபமாக வந்தது,
எதற்கு என்று தெரியாமல்.

'நில். இப்போது மெதுவாக.'
குறுக்குத் தண்டு சட்டகத்தோடு சேரும் இடம்.
தண்டு நகருமுன் போல்ட் நகர்ந்தது,
மயிரிழை அளவு.
கழற்றினேன். வட்டமாக இருக்கவேண்டிய துளை
முட்டையாகியிருந்தது.
பதினான்கு ரசீதும் அதைப் பிரதட்சணம் வந்து
கும்பிட்டுப் போயிருக்கின்றன,
உள்ளே எட்டிப்பார்க்காமல்.

நெரிடா இறங்கிவந்து குனிந்தாள்.
'இவ்வளவுதானா?'
பட்டாணித் தண்ணீர் என் நெற்றியில் சொட்டியது.

இருபுறமும் தடித்த வாஷர் பற்றவைத்து,
புதிதாகத் துளையிட்டு,
நீளம் மாற்றக்கூடிய தண்டை மாட்டி,
வண்டி தன் எடையில் நின்றபிறகே போல்டை இறுக்கினேன்.
தூக்கிவைத்து இறுக்கினால்
புஷ்ஷின் ரப்பர் காலமெல்லாம் முறைத்துக்கொண்டிருக்கும்.

மாலை வின்ஸுக்குப் போன் செய்தேன்,
மணி அடிக்குமுன் இரண்டு முறை வைத்துவிட்டு.
நெடுநேரம் அவர் பேசவில்லை.
'எந்தப் பக்கத் துளை?'
'சட்டகப் பக்கம்.'
'அது சட்டகமாயிற்றே,' என்றார்.
'அது அசையும் என்று யார் நினைப்பார்கள்.'
பிறகு என்ன எண்ணெய் ஊற்றுகிறேன் என்று கேட்டார்.
நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஹைடன் மண்சாலை. எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது.
நெரிடா கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.
தொண்ணூறு.
வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் விட்டேன்.
வண்டி ஒருமுறை குதித்தது, அவ்வளவுதான்.
செம்பட்டை மரங்கள் பக்கவாட்டில் ஓடின,
ஒரு ஈமு வேலியோரம் நின்று பார்த்தது.
ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் கோணி நிற்கிறது.
இழுகம்பியை இரண்டு சுற்று திருகினால் சரியாகும்.
நாளைக்குப் பார்க்கலாம்.
கோணலாகப் பிடித்தபடி
நேராகப் போய்க்கொண்டிருக்கிறேன்,
'இன்னும் போ,' என்கிறாள் நெரிடா.