சாம்பலுக்கு ஒரு குடம் முன்னால்

மூக்கையூரில் உடைமரம் வெட்ட
யாரும் யாரிடமும் கேட்பதில்லை.
வெட்டினால் நன்றிகூடச் சொல்வார்கள்.
மறு மழைக்கு அதே இடத்தில்
நாலு தலையோடு எழுந்து நிற்கும், அது வேறு கதை.

பூவலிங்கத்தின் கரிமூட்டத்தில்
மூன்று வருஷம் மண் அப்பியவள் நான்.
தூரும் கட்டையும் அவருக்கு, லாரிக்கு.
விரல் தடிமன் மிலாறு எனக்கு:
"கொண்டு போ பிலோமி, முள் உன் பாடு."

வீட்டுக்குப் பின்னால் மூன்றரை சென்ட்.
மண் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது.
ஊற்றிய தண்ணீர் எங்கே என்று
குடத்தைக் கவிழ்த்து வைப்பதற்குள் கேட்டாலும்
கடலைக் கைகாட்டும் மணல்.

ஆவணியில் இடுப்பளவு குழி தோண்டினேன்.
வாய் அகலம், அடி குறுக்கம்.
தீயை மேலே வைத்தேன், அடியில் அல்ல.
எழும் புகையைத் தீயே தின்ன வேண்டும்.
தின்னாத புகை ரோஸ்லின் வீட்டுக் கொடித்துணிக்குப் போய்
வசவாகத் திரும்பி வரும்.
சுள்ளியில் வெள்ளை பூத்ததும் அடுத்த அடுக்கு.
மறுபடி வெள்ளை, மறுபடி அடுக்கு.
கண்ணெடுத்தால் சாம்பல்.

நிறுத்த வேண்டிய நேரம் வந்தது.
நிறுத்தத் தண்ணீர் இல்லை.
வண்டித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
கடல் இருநூறு எட்டு, இனாம்.
ஏழு குடம் சுமந்து கொட்டினேன்.
சீறி அடங்கியது குழி.
ஒன்றோடொன்று தட்டினால்
கிண்ணென்றது கரி.
பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையைத்தான் பாத்தியில் கலந்தேன்.
முண்டு மிளகாய் நாற்று, முப்பது.
எட்டாம் நாள் இலையோரம் கருகியது.
பதினோராம் நாள்
கரித்துண்டு ஒன்றைத் தோண்டி நாக்கில் வைத்தேன்.
கொடுத்ததை அப்படியே வைத்திருந்தது.

வலை காயப்போட்டு வந்த அருள்ராசு
குனிந்து பார்த்தார்.
"செடியை நெத்திலி என்று நினைத்துவிட்டாயா?"
நான் அன்று ராத்திரி வரை பேசவில்லை.

கிழிந்த வலைத்துண்டில் பாத்தி முழுவதும் சலித்து
கரியை ஓலைமேல் பரப்பினேன்.
ஐப்பசி வந்தது. பெய்தது. நின்றது. பெய்தது.
தினம் ஒரு துண்டு நாக்கில்.
பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள்.
கார்த்திகை நாலாம் தேதி
ஒரு ருசியும் இல்லை.
அவ்வளவு நல்ல ஒன்றுமில்லாமையை
என் வாய் கண்டதில்லை.

வெறும் கரி வெறும் வயிறு.
அப்படியே விட்டால்
செடியின் சோற்றில் கை வைக்கும்.
ஆகவே முதல் பந்தி அதற்கு:
ஆட்டுப் புழுக்கை, கோமியம்,
கழுநீர், காரப்பொடி மீனின் குடல்.
டிரம்மில் இருபது நாள் ஊறல்.
ரோஸ்லின் மறுபடி வந்தாள்.
மிளகாய் காய்த்தால் கால் பங்கு என்று எழுதாத ஒப்பந்தம்.

அடுத்த குழிக்கு வண்டித் தண்ணீர்தான்.
ஏழு குடம், எண்பத்து நாலு ரூபாய்.
கணக்கு நோட்டில் 'மருந்து' என்று எழுதினேன்.

மார்கழியில் நட்டதில் இருபத்திரண்டு நிற்கிறது.
மீதி எட்டை நண்டு கொண்டு போனதா,
நான் அவசரப்பட்டதா, தெரியவில்லை.
நேற்று ஊற்றியது இன்றும்
விரல் நுழைத்த இடத்தில் குளிர்கிறது.
பூமியின் தண்ணீரையெல்லாம் குடித்த மரம்
என் குடத்தைக் காவல் காக்கிறது.
அதை நம்பலாமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

திருநீற்றுப் புதன்.
வரிசையில் என் முறை வந்தபோது
மண்ணாய் இருக்கிறாய் என்றார் சாமியார்.
எந்த மண் என்று சொல்லவில்லை.
பெருவிரலால் சிலுவை இழுத்தார்.
மெத்தென்ற சாம்பல்.
யாரோ கண்ணெடுத்துவிட்ட ஓலை
என்று நினைத்தேன், பாவம்.

வெளியே வந்ததும் வாடைக்காற்று
நெற்றியைத் துடைத்துவிட்டது.
நகக்கண்ணில் இருந்த கரி மட்டும்
ஒருசந்திக் கஞ்சி கரைத்த பிறகும்
அங்கேயே இருந்தது.