லேபிள் இல்லாத டின்

ஃபலேயோலோவிலிருந்து பாங்கோ பாங்கோவுக்கு
நூற்றைம்பது கிலோமீட்டர், கொஞ்சம் முன்பின்.
காற்று இரக்கப்பட்டால் முப்பத்தைந்து நிமிடம்
இல்லையென்றால் நாற்பது.
போய் இறங்கினால் நேற்று.

கடிகாரத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன்.
முள் நின்ற இடத்தில் நிற்கும்,
கிழமை மட்டும் ஒரு படி இறங்கிவிடும்.
பிறந்தநாளை இரண்டு தடவை கொண்டாட
ஒரு ஜெர்மன்காரர் கேக்கோடு வந்தார்.
கேக்கையும் எடை போட்டேன்.

அதுதான் என் வேலை.
பத்தொன்பது இருக்கை விமானம்;
பெட்டியோடு ஆளையும் தராசில் ஏற்றுவோம்.
எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்பது விதி.
மாமியார்களிடம் மட்டும் சில நேரம் மீறுவேன்.

ஒரு டிசம்பரில் எங்கள் தீவு
நாட்கோட்டின் அந்தப் பக்கம் தாவியது.
வியாழன் இரவு படுத்தோம், சனி காலை விழித்தோம்.
இடையிலிருந்த வெள்ளிக்கிழமையில்
இங்கே ஒருவரும் பிறக்கவில்லை,
ஒருவரும் யாரையும் திட்டவில்லை.
பக்கத்துத் தீவு தாவவில்லை.
அன்றிலிருந்து நடுவே இந்தக் கடல்
ஒரு நாள் அகலம்.

சனிக்கிழமை காலை மசினா வந்தாள்.
மூட்டையில் சேம்பு, சுருட்டிய பாய் ஒன்று,
அழுது முடித்துக் கழுவிய முகம்.
தம்பி எத்துவாத்தி அங்கே மீன் ஆலையில்.
நேற்றிரவு ஒன்பது மணிக்கு ஃபோனில்
அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாளாம்.
என்ன வார்த்தை என்று கேட்கவில்லை,
வரிசையில் பின்னால் ஆறு பேர்.

தராசில் நின்றபடியே விரல் விட்டு எண்ணினாள்.
"நான் சொன்னது வெள்ளி ராத்திரி.
இப்போது ஏறினால் வெள்ளி காலையே இறங்கிவிடுவேன்.
சொல்வதற்கு முன்னாலேயே
போய்ச் சேர்ந்துவிடுவேன், இல்லையா?"

அவள் வெள்ளி இரவு சொன்னதை
அவன் வியாழன் இரவே கேட்டாயிற்று.
எந்த விமானம் பிடித்தாலும்
அந்த வார்த்தை அவளுக்கு ஒரு நாள் முன்னால்
போய் உட்கார்ந்திருக்கும்.
அங்கே இருப்பதும் ஒரு வெள்ளிக்கிழமைதான்,
ஆனால் அவள் விட்டுவந்தது அல்ல;
அவர்களுடையது, இன்னும் யாரும் கை வைக்காதது.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"எழுபத்தொன்று" என்றேன்.
சத்தமாகத்தான்.

பகல் முழுக்க மழை.
ஓடுபாதை ஓரம் ஒரு பன்றி வந்து
பெனிதோவா அதைத் துரத்திக்கொண்டு ஓடினான்.
மாலை விமானம் வந்தபோது
நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து நனைந்தபடி இறங்கி வந்தாள்.
சேம்பு இல்லை, பாய் இல்லை.
ஆலை வாசலில் ஷிஃப்ட் முடியும்வரை நின்றாளாம்.
பேசினானா என்று கேட்டேன்.

பையிலிருந்து ஒரு டின் எடுத்து
என் மேஜையில் வைத்தாள்.
ஓரம் நசுங்கியது,
தொழிலாளிகளுக்குச் சும்மா கொடுப்பது.
"எனக்கு ஆறு கொடுத்தான்" என்றாள்.
அதற்கு மேல் ஒன்றுமில்லை, பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஏதோ பழக்கத்தில் அதையும் தராசில் வைத்தேன்.
முள் அசைந்ததாகத் தெரியவில்லை.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
மேலே, அடியில், விளிம்பில்.
எந்த நாளில் அடைத்தது,
எந்த நாளுக்குள் தின்ன வேண்டும்,
எதுவும் போடவில்லை.