இறங்காத சரக்கு

காட்டன் கிரீனில் எங்கள் கிடங்கு.
உள்ளே இருப்பது எதுவும் இந்தியாவில் இல்லை.
வரி கட்டும்வரை அப்படித்தான், சட்டப்படி.
தகரக் கூரை, மே மாதம்,
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் ஓடுகிறது.
நானும் சங்கீதா காம்ப்ளேயும்
இன்னும் வந்து சேராத புட்டிகளுக்கு
விலைச்சீட்டு ஒட்டுகிறோம்.
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு.
கோணல் இல்லாமல். குமிழ் இல்லாமல்.

ஸ்காட்ச் என்றால் கை தானாக ஒட்டும்.
இந்த வாரம் போர்ச்சுக்கல்.
முதல் பெட்டி பச்சை ஒயின் என்றார்
சூப்பர்வைசர் ரெமீஜியஸ் துஸ்கானோ.
சங்கீதா ஒரு புட்டியை வெளிச்சத்தில்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
‘இதில் பச்சை எங்கே?’
அவருக்கும் தெரியவில்லை.
வசாயில் பிறந்தவர். பெயர்தான் அந்த ஊர்,
பேச்செல்லாம் மராத்தி.
பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது:
இளசிலேயே குடித்துவிட வேண்டியது.
அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
பச்சைப் பிள்ளை, பச்சை உடம்புக்காரி, பச்சைப் புண்
அந்தப் பச்சை.
அவளுக்குச் சொல்லப் பார்த்தேன். பாதிதான் வந்தது.

அடுத்து ஜெரொபிகா.
திராட்சைச் சாறு புளிக்கத் தொடங்குமுன்
வாயில் சாராயத்தை ஊற்றி அடக்கிய இனிப்பு.
‘பத்தாவது முடிக்குமுன் என்னைக் கட்டிக்கொடுத்த மாதிரி’
என்றாள் சங்கீதா, சீட்டை நீவிக்கொண்டே.

மூன்றாவது பெட்டி மதேரா.
பதினொன்று இருபதுக்கு
அட்டையின் அடி விட்டுக்கொடுத்தது.
ஐந்து உள்ளேயே நின்றன.
ஆறாவது
என் செருப்புக்கு அரையடி தள்ளி.

துடைக்கக் கூடாது.
கஸ்டம்ஸ் ஆபீசர் வந்து, பார்த்து, எழுத வேண்டும்.
அவர் வடாலாவில் இருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வருவார்.
இரண்டரை மணி நேரம்
நாங்கள் மூவரும் ஓர் ஈரத்தைச் சுற்றி நின்றோம்.

முதலில் சாராயம்தான் அடித்தது.
பிறகு அது எழுந்து போய்விட்டது.
பாகு பதம் தப்பி அடிபிடித்த வெல்லம், என்றேன் நான்.
முதல் பூசை முடிந்து திறந்த
அங்கி அலமாரி, என்றார் துஸ்கானோ.
சங்கீதா குனிந்து, கண்ணை மூடி,
வெகுநேரம் கழித்து
நனைந்த பள்ளிக்கூடப் பை என்றாள்.
சிரித்தோம். ஒரு மணிக்கு அது உண்மையாகவும் இருந்தது.
தரை சூடாகச் சூடாக
ஆரஞ்சுத் தோல் வந்தது, வாதாங்கொட்டை வந்தது,
எறும்பு வந்தது.

உடையாத புட்டியின் கழுத்தட்டையைப் படித்தார் துஸ்கானோ:
முன்னொரு காலத்தில் இந்த ஒயினைப்
பீப்பாயோடு கப்பல் வயிற்றில் போட்டு
இந்தியாவரை கொண்டுவந்து
இறக்காமலே திருப்பிக்கொண்டு போவார்களாம்.
போய்வந்த வெக்கைக்குத்தான் விலை.

‘துறைமுகம்வரை வந்துவிட்டு இறங்கவில்லையா?’
சங்கீதாவுக்குக் கோபமே வந்துவிட்டது,
வாசலோடு திரும்பிய விருந்தாளிமேல் வருவதுபோல.
நான் தரையைப் பார்த்தேன்.
இது ஒன்று இறங்கியிருக்கிறது.

விரலால் தொட்டாயா என்று கேட்காதீர்கள்.
புளித்தது, இனித்தது, கொஞ்சம் கரித்தது.
விழுங்க ஒன்றும் இல்லாதபோதும்
தொண்டையில் நின்றது.

ஆபீசர் வந்தார். ஏப்பம் விட்டார். எழுதினார்:
உடைந்தது ஒன்று. மீட்டது இல்லை. வரி தள்ளுபடி.
சங்கீதா பினாயில் ஊற்றினாள்.

கையில் ஒரு சீட்டு மிஞ்சியது.
எறிய மனம் வரவில்லை.
என் தண்ணீர் பாட்டிலில் ஒட்டினேன்.
கோணல் இல்லாமல்.

ஆறு நாற்பது ரயில். வடாலாவில் ஏறியவள்
நகரச் சொன்னாள், உட்கார்ந்தாள், படித்தாள்:
ஏழாயிரத்து எண்ணூற்றைம்பது,
எல்லா வரிகளும் உட்பட.
உள்ளே என்ன என்று மராத்தியில் கேட்டாள்.
பாணீ, என்றேன்.
தமிழில் கேட்டிருந்தால்
தண்ணி என்றிருப்பேன்.
சீட்டுக்கும் சரியாக இருந்திருக்கும்.