மூன்று பகல், இரண்டு இரவு

அந்தமானுக்கு விமானம் காலை ஐந்து நாற்பதுக்கு.
மூன்று மணிக்கே எழுந்து ஸ்விட்சைப் போட்டேன்,
எரியவில்லை.
பெட்டியோடு முன்னால் இறங்கிய எட்வின்
மாடிப்படி நடுவில் நின்று
"மிச்சப் படியைக் காணோம்" என்றான்.

விடிந்தபோது பள்ளிக்கரணையில்
எங்கள் தெருவைத் தெரு என்று சொல்ல முடியவில்லை.
மொட்டை மாடிகள் மட்டும் தனித்தனியாக நின்றன.
ஒவ்வொன்றிலும் பத்துப் பேர், ஒரு தண்ணீர்த் தொட்டி,
ஒரு கொடிக்கயிறு.
எதிர் மாடியிலிருந்து யாரோ கையசைத்தார்கள்.
நான்கு வருடமாக எதிரில் இருப்பவர்கள்.
முதல் முறையாக நாங்களும் அசைத்தோம்.

ஏஜென்ட் தந்த தாளில்
முதல் நாள்: சுற்றிப் பார்த்தல்.
பார்த்தோம்.
பஸ் ஸ்டாப் கூரையில் ஒரு கூழைக்கடா,
ஷேர் ஆட்டோவில் ஏறமாட்டேன் என்பது போல
நின்றுகொண்டே இருந்தது.
யார் வீட்டு ஃப்ரிட்ஜோ மல்லாந்து மிதந்து
பால் பூத் பக்கம் திரும்பியது.
போட்டோ எடுக்கலாம் என்றால்
போனில் நான்கு சதவீதம்.
அதை ஒரு "நல்லாருக்கோம்"முக்கு வைத்திருந்தேன்.

மதியம் படகு வந்தது.
காசிமேட்டிலிருந்து லாரியில் வந்த படகாம்,
கருவாட்டு வாசனை இன்னும் போகவில்லை.
எலுமிச்சைச் சோறு, பிரெட்,
வீட்டுக்கு ஒரு மெழுகுவத்தி.
ராத்திரி இரண்டாம் மாடி லோகு
கொசுவலையை இறக்கி ஜிலேபி மீன் பிடித்தான்.
"ஏரி மீனா, சாக்கடை மீனா?"
"இப்ப ரெண்டும் ஒண்ணுதான் சார்."
மிளகாய்த்தூள் தடவி, தோசைக்கல்லில் போட்டு,
இருட்டில் முள் பார்த்துத் தின்றோம்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை,
எட்வினைத் தவிர.

இரண்டாம் நாள்: ஸ்நார்க்கலிங்.
கீழ் வீட்டு நசீமா தையல்காரி.
மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை.
"அளவு நோட்டு" என்றாள்,
"இழுப்பறையில இருக்கு, அதுக்குள்ள
இந்தத் தெருவே இருக்கு."

பாரிமுனையில் பேரம் பேசி வாங்கிய கண்ணாடியை
அவள் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டேன்.
கழுத்து வரை தண்ணீர்.
மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு
முகத்தை உள்ளே விட்டேன்.
விளம்பரத்தில் நீலம், பவளம், கோமாளி மீன்.
இங்கே டீ.
ஆறிப்போன, சர்க்கரை போடாத டீ.

கண்ணை விட்டுவிட்டுக் கையால் பார்த்தேன்.
நாற்காலிக் கால். கால் மிதி, குளிர்ந்த இரும்பு.
வழவழவென்று எதுவோ மணிக்கட்டைச் சுற்றியது.
கத்தினேன், குழாய்க்குள்ளேயே.
இன்ச் டேப்.
தலைக்கு மேலே நூல்கண்டுகள்,
சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை,
அறை முழுக்க மிதந்துகொண்டிருந்தன என்று
எழுந்து மூச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது.
கொஞ்ச நேரம் நோட்டை மறந்து
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இழுப்பறை ஊறி அடைத்திருந்தது.
மூன்றாம் முக்குளிப்பில் வந்தது.

மாடியில் நசீமா தாள்களைப் பிரித்து
கொடிக்கயிற்றில் துணிபோல் தொங்கவிட்டாள்.
பால்பாயின்ட் பேனா. கரையவில்லை.
லோகுவின் மனைவி, பால் பூத் அக்கா,
எதிர் மாடியில் கையசைத்த அந்த அம்மா,
எல்லோரும் தோளும் கையும் மார்புமாக
வெயிலில் காய்ந்தார்கள்.
ஆண்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்றோம்,
காற்றுக்கு மட்டும் வழி விட்டு.
என் தாளையும் பார்த்தேன்.
கல்யாணத்துக்கு முந்தின வாரத்து அளவு.
"இப்ப அரை இன்ச் கூடியிருக்கும்" என்றாள்,
திரும்பிப் பார்க்காமலே.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து
பாதிச் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது.
சார்ஜ் ஏறியதும் முதல் செய்தி விமான கம்பெனி:
மோசமான வானிலை, வருந்துகிறோம்.
அடுத்தது ஆபீஸ்.
வெள்ளத்துக்கு எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவாம்.
எனக்கு மட்டும் இல்லை.
ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறேனே,
காரணம்: சுற்றுலா.

கண்ணாடியை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினேன்.
இன்னும் உள்ளே
ஒரு துண்டு மஞ்சள் நூல்.