பாட்டம்

இங்கே மலையை எடை போடுகிறோம்.
காலை ஆறரைக்கு முதல் டிப்பர் மேடையேறும்,
திரையில் சிவப்பு எண்கள்
கொஞ்சம் நடுங்கி நிற்கும்.
வெறும் வண்டியைக் கழித்தால்
இருபது டன், சில்லறை.
நடைச்சீட்டில் முத்திரை குத்தித் தருவேன்.
பிஜு அதைப் பல்லில் கவ்விக்கொண்டு
களியக்காவிளைப் பக்கம் வளையம் திருப்புவான்.
எல்லைக்கு அப்பால் எங்கோ
கூகைப்பாறையைக் கடலில் கொட்டுகிறார்களாம்.

மார்த்தாண்டத்தில் எம்.ஏ. படிக்கும்போது
வாடகைக் கோட்பாட்டுக்கு
வரப்பும் வயலுமாகப் படம் போட்டு
பதினைந்துக்குப் பதிமூன்று வாங்கினேன்.
எத்தனை உழுதாலும் தீராத மண்குணத்துக்கு
நிலக்காரனுக்குத் தருவது வாடகை.
அந்தப் பழைய பொருளியல்காரர்கள்
குழி தோண்டுவதையும் அறிந்தவர்கள்தான்.
ஓரிடத்தில் சொன்னார்கள்:
கல்லை எடுத்துக்கொண்டு தருகிற காசு
கல்லுக்கு விலை, வாடகை அல்ல.
நாலு பக்கம் தாண்டியதும்
சுரங்கத்தையும் வயலையும் ஒரே தும்பில் கட்டிவிட்டார்கள்.
ஆக மட்டமான சுரங்கத்துக்கு ஒன்றும் மிஞ்சாது,
மற்றதற்கெல்லாம் அதைவிட எவ்வளவு மேலோ அவ்வளவு.
தீர்ந்துபோவதைப் பற்றி
அந்தப் படத்தில் ஒரு கோடுகூட இல்லை.
இல்லாத கோட்டுக்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

அஞ்சாம் தேதி சத்தியநேசன் வந்தார்,
கையிடுக்கில் குடை, காதில் பேனா.
"பிள்ளே, எனக்க பாட்டத்த எழுது."
அவருக்குத் தெரிந்த சொல் அது.
ஆற்றோரம் அறுபது மூடு தெங்கு
பாட்டத்துக்கு விட்டிருக்கிறார்.
ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வெட்டு,
வெட்டினவன் இறங்கிப் போனபிறகும்
மரம் அங்கேயே நிற்கும்.
மேலே ரப்பரும் அப்படித்தான்,
லீலாபாய் சீவியெடுத்த பட்டை
வருஷங்கள் கழித்துத் திரும்ப மூடும்.

என்ன தோன்றியதோ,
பேரேட்டில் 'பாட்டம்' என்பதை அடித்து
'விலை' என்று எழுதினேன்.

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"விலையா? நான் விக்கல்லியே.
ஆதாரம் எனக்க பேருலதானே கெடக்கு.
விலைன்னா ஒருக்க வரும்,
இது மாசாமாசம் வருதுல்லா?"

சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
நாளுக்கு நூற்றிப்பத்து லோடு,
வருஷத்துக்கு முந்நூறு நாள்,
மிச்சமிருக்கும் பாறை இவ்வளவு.
"ஆறு வருஷம்" என்றேன்.
"பொறவு?"
"குழி."

குடைக்காம்பால் தரையில் இரண்டு தட்டு.
யோசிக்கிறார் என்று நினைத்தேன்.
யோசித்துத்தான் சொன்னார்:
"குழியில தண்ணி கெட்டும்லா.
மீன் வளக்க அதப் பாட்டத்துக்கு விடலாம்."

எந்தத் தாளிலும் இந்தக் கேள்வி
எனக்கு வந்ததில்லை.

மேனேஜர் ஜெபசிங் வந்து
வெள்ளை மை பூசச் சொன்னார்.
ஆடிட்டருக்கு விலை என்றால் வேறே வரி,
நமக்கேன் வம்பு.
பூசினேன். காயுமுன்னே மேலே எழுதியதால்
'ட்ட' இரண்டும் கலங்கிப் போயின.
சத்தியநேசன் ரூபாயை இரண்டுதரம் எண்ணிக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தார்.

நாலு மணிக்கு வெடி.
மேடையில் வண்டி ஏதும் இல்லை,
ஆனாலும் திரையில் எண்கள் ஒருதரம் குதித்தன,
நாற்பது கிலோவோ என்னவோ.
யார் பேரில் எழுதுவது என்று தெரியாமல்
பேனாவை மூடப்போனேன்.
வெளியே பிஜு ஹாரன் அடித்தான்.