மூன்றாம் படிக்குக் கீழே மூலைக்கொடி

மலையில் சமதளம் தானாய்க் கிடைப்பதில்லை.
வெட்டி எடுத்தால் உண்டு.
கூடலூரில் எங்களுக்கு வெட்டி எடுத்தது ஒன்றே ஒன்று.
கிழக்கே மண்சரிவு, மேற்கே தேயிலை.
பந்து மேற்கே போனால்
மறுநாள் கொழுந்துக் கூடையில் திரும்பி வரும்.

அதற்குத்தான் இத்தனை அடிதடி.

பதினொருவர் ஆட்டத்துக்கு லீக் இருக்கிறது,
பதிவேடு இருக்கிறது, ரப்பர் முத்திரை இருக்கிறது.
பார்க்க வருவது
இரண்டு ஆட்டோக்காரர்களும் ஒரு கன்றுக்குட்டியும்.
எழுவர் ஆட்டத்துக்கு
(செவன்ஸ் என்றால்தான் இங்கே தெரியும்)
பதிவேடு கிடையாது.
கமுகு மரத்தில் கேலரி, ஜெனரேட்டர் விளக்கு,
கானாவிலிருந்து குவாபெனா,
டிக்கெட் எழுபது ரூபாய்,
கடலை விற்பவன் வரைக்கும் லாபம்.

செயலாளர் பெஞ்சமினிடம் செவன்ஸ் என்று சொல்லிப் பாருங்கள்.
"ஆஃப்சைடு இல்லாத ஆட்டம்
வேலி இல்லாத தோட்டம், எவன் மாடும் மேயும்."
நாடுகாணி மொய்துட்டி விடமாட்டார்:
"தொண்ணூறு நிமிஷம் ஓடி சைபருக்கு சைபர்.
அதுக்கு நான் மாட்டுச் சந்தையில நின்னுக்குவேன்."

நான் கோடு போடுகிறவள்.
யோகராணி, நகராட்சியில் தினக்கூலி,
வாளி ஒன்று, கயிறு ஒன்று.
தகராறு ஆர்.டி.ஓ. வரை போய்த் தீர்ப்பு வந்தது:
பகல் அவர்களுக்கு, இரவு இவர்களுக்கு.
நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் என்ன என்று
யாரும் எழுதவில்லை.
அது நான்.

பெரிய கோட்டைத் துடைப்பத்தால் அழிக்க வேண்டும்,
சின்னக் கோட்டை உள்ளே போட வேண்டும்.
சுண்ணாம்பு லேசில் போகாது.
விளக்கைப் போட்டால்
இரண்டு மைதானம்
ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும்.
பதினொருவரின் வடமேற்கு மூலைக்கொடி
கேலரியின் மூன்றாம் படிக்குக் கீழே.
பகலில் கார்னர் எடுக்கிறவன்
குனிந்து, கமுகுக் கால்களுக்கு நடுவே நுழைந்து,
அந்த இரண்டு ஆட்டோக்காரர்களின்
செருப்புக்கு அடியிலிருந்து உதைப்பான்.

செவன்ஸ் ஆடினால் ஓராண்டு தடை என்று
பெஞ்சமின் நோட்டீஸ் ஒட்டினார்.
ஒட்டியதும் கேலரிக் காலில்தான், வேறு சுவர் இல்லை.
சேரம்பாடி சுதேஷ் பகலில் இடது பேக்.
இரவில் தலையில் ரிப்பன், பெயர் சஜீர்.

அரையிறுதி இரவு. முழங்கால் வரை பனி.
எழுபது ரூபாய் கொடுத்து, குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டு,
சின்ன நோட்டும் பேனாவுமாய்
ஒருவர் மூன்றாம் படியில் உட்கார்ந்தார்.
அந்த மூக்குக் கண்ணாடியை எனக்குத் தெரியாதா.
தன் கொடிக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பதுதான்
அவருக்குத் தெரியாது.

கடைசி நிமிடம்.
குவாபெனா நெஞ்சில் வாங்கி இறக்கியதை
சஜீர் என்கிற சுதேஷ்
தரை தொடுமுன் இடது காலால்

கேலரி முறிந்துவிட்டது என்றே நினைத்தேன்.
எழுந்திருந்தார்கள், அவ்வளவுதான்.
குல்லா மேலே பறந்தது.
"நம்ம பையன்டா!"
பெஞ்சமின் பிடித்து உலுக்கிய தோள்
மொய்துட்டியுடையது.
பிறகு இருவரும் கையை எடுத்துக்கொண்டார்கள்,
சூடு பட்டாற்போல.

புகார் வரவில்லை.
பார்த்ததை எழுதினால்
எங்கிருந்து பார்த்தேன் என்றும் எழுத வேண்டுமே.
நோட்டு காலையில் படிக்குக் கீழே கிடந்தது.
எட்டாம் எண், இடது கால், பார்த்த முகமாக...
மீதி மையைப் பனி தின்றிருந்தது.

ஒன்பதரைக்குப் பதினொருவர் ஆட்டம்.
கயிற்றின் மறுமுனைக்கு ஆள் இல்லை.
லாட்ஜில் வெந்நீர் வரவில்லை என்று
மொய்துட்டியைத் தேடி வந்த குவாபெனா
வாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான்,
நடந்தான், தேயிலை வரை நடந்தான்.
அங்கிருந்து இரண்டு கையையும் விரித்துக் கேட்டான்,
எதற்கு இவ்வளவு பெரிசு?
எனக்கென்ன தெரியும்.
இழுத்துப் பிடி என்று சைகை காட்டினேன்.