படிவம் ஒன்றுக்கு நாற்பத்தைந்து ரூபாய்

முதல் கட்டம் பாலினம்.
அடுத்தது குடும்பத்தின் மாத வருமானம்.
அதற்குப் பிறகுதான்
'கடந்த ஓராண்டில் உன்னை யாராவது' என்று
தொடங்குகிறது கேள்வி.

தேவனாம்பட்டினத்தில் தடைக்காலம்.
படகெல்லாம் கரையில்,
அப்பன்கள் எல்லாம் வீட்டில்.
வருமானம் என்றதும்
அஞ்சலாட்சி சிரித்துவிட்டாள்:
"எந்த மாசத்துக்குக் கேக்குற?
வைகாசிக்கா, தைக்கா?"
இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தேன்.
வந்த தொகையை
அந்த வீட்டில் ஒருவரும்
எந்த மாதமும் கண்ணால் பார்த்ததில்லை.

கபிலேஷுக்குப் பன்னிரண்டு வயது.
கெண்டைக்காலில் ஒயர் தடம், மூன்று கோடு.
கேட்காமலே காட்டினான்,
கிரிக்கெட்டில் விழுந்த காயம் மாதிரி.
"ஆம்பளப் புள்ளைய அடிக்காம வளப்பாங்களா?
அவங்கப்பாவ அவரு அப்பா
நங்கூரக் கயித்தால அடிப்பாராம்.
இது வெறும் ஒயருதான்."

அக்கா வினோதினியை யாரும் அடிப்பதில்லை.
'இல்லை' என்று டிக் போட்டேன்.
லீவு முடிந்தால் ஒன்பதாவது.
அனுப்புவதா என்று இன்னும் முடிவாகவில்லை.
தம்பி தின்று எழுந்த தட்டில்
அவள் சோறு போட்டுக்கொள்ளும்போது
படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கமும் கட்டம் இல்லை.

மஞ்சக்குப்பத்தில் லிஃப்ட் வைத்த குடியிருப்பு.
வாட்ச்மேன் என் பெயரை எழுதிக்கொண்டார்,
நான் அவர்கள் பெயரை எழுதும் முன்பே.
மூன்றாம் மாடியில் நான்கு வீடு.
மூன்றுக்குக் குறியீடு ஒன்பது: 'வீடு பூட்டியிருந்தது.'
பூட்டிய வீடுகளின் ஏசித் தண்ணீர்
என் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான்காவது வீட்டில் உட்காரச் சொன்னார்கள்.
"லட்சத்துக்கு மேலன்னு போட்டுக்குங்க.
எங்க வீடுகள்ல அதெல்லாம் கிடையாதும்மா.
நீங்க கடற்கரைப் பக்கம் போய்க் கேக்கணும்."
மேகவர்ஷினி தண்ணீர் கொண்டுவந்தாள்.
மே மாதம், முழுக்கைச் சட்டை.
டம்ளரை இடது கையால் நீட்டினாள்.
"வர்ஷி" என்றார் அப்பா, சாதாரணமாகத்தான்.
டம்ளரில் பாதி என் படிவத்தில் கொட்டியது.

பள்ளியில் அவளைக் கேட்டிருக்கலாம்.
அந்தப் பள்ளி அனுமதி தரவில்லை.
அரசுப் பள்ளிகளுக்கு ஒரு கடிதம் போதும்.

சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் டீக்கடையில்
மேற்பார்வையாளர் கூட்டிப் பார்த்தார்.
"வருமானம் குறையக் குறைய அடி ஏறுது.
பொண்ணுங்களவிடப் பசங்களுக்குத்தான் ஜாஸ்தி.
அழகா வருது பாருங்க."
பொய் என்று சொல்ல மாட்டேன்.
தடைக்காலத்துக் கை வேறு கை,
நானே பார்த்தேன்.
ஆனால் தாழ்ப்பாள் இல்லாத வீட்டைத்தான்
எண்ண முடிந்தது எங்களால்.

என் அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை.
மாதம் பிறந்தால் சம்பளம்,
மாதம் முழுக்க பெல்ட்.
தம்பிக்கு எங்கே வேண்டுமானாலும் விழும்.
எனக்கு முகத்தில் படாமல் பார்த்துக்கொள்வார்.
கட்டிக்கொடுக்க வேண்டுமே.
நல்ல கணக்கு தெரிந்த மனிதர்.

"இது என்ன?" என்றார் மேற்பார்வையாளர்.
ஈரம் காய்ந்து சுருங்கிய படிவம்.
ஓரத்தில் 'முழுக்கை' என்று எழுதியிருந்தேன்.
"மே மாசம் சார்" என்றேன்.
"அதுக்கு நம்பர் கிடையாதேம்மா."
ஒரு டீயை என் பக்கம் தள்ளினார்.
வலது கையால் எடுத்தேன்.